உழைக்கும் கையும் கரைப்பான் திரவங்களும்

மைசூர் என்னும் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் சந்தன மணமும், பட்டின் பளபளப்பும், தசராப் பெருவிழாவும் நம் நினைவில் எழுகின்றன. அவ்வூர் அரண்மனையைக் காணச் செல்வோர், அம்பாவிலாச மண்டபத்தில் ஈட்டி மரத்தில் யானைத் தந்தம் பதித்துச் செய்த கதவின் முன் சிறிது நேரம் நின்றே அப்பால் செல்வர். 1897-ஆம் ஆண்டில் பழைய மர அரண்மனை தீக்கிரையாயிற்று. அதன்பின் ஹென்றி இர்வின் என்னும் கட்டடக் கலைஞர் வகுத்த திட்டப்படி எழுந்து, 1912-இல் நிறைவெய்தியதே இன்று நாம் காணும் அரண்மனை. கதவின் வேலைப்பாட்டை வியப்பவர் பலர். அதனைச் செதுக்கிய சிற்பியை நினைப்பவரும் சிலர் உண்டு. ஆனால் இத்தகைய மரவேலையைத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுபவரின் கை என்ன ஆகிறது என்று கேட்பவர் அரியர். இன்று நாம் பேசப் புகுவது அந்தக் கையைப் பற்றியே.

மரத்துக்கு மெருகு, இரும்புக்கு வண்ணம், காகிதத்துக்கு மை என எதுவாயினும், பூசப்படும் பொருள் கட்டியாகவே இருந்தால் பூச்சு அமையாது. அதனை ஒரு திரவத்தில் கரைத்துப் பூச வேண்டும். பூசியபின் திரவம் காற்றில் பறந்துவிட, பூச்சு மட்டும் படிந்து நிற்க வேண்டும். இவ்வாறு கரைப்பதற்கு உதவும் திரவத்தையே கரைப்பான் என்கிறோம். சாராய வகைகள், டர்பன்டைன், பெட்ரோலியத்திலிருந்து வடிக்கப்பெறும் எண்ணெய்கள், டொலுவீன், அசிட்டோன் ஆகியவை இவ்வினத்தைச் சேர்ந்தவை. பட்டறைகளில் ‘ஸ்பிரிட்’, ‘டர்பன்டைன்’, ‘தின்னர்’ என்று சொன்னால் போதும், யாவரும் அறிவர். கரைப்பானின் இயல்பு விந்தையானது. வேலை முடிந்ததும் அது மறைந்துவிடுகிறது. செய்த பொருளில் அதன் சுவடே இராது. சுவடு தங்குவது செய்தவரின் தோலில்தான்.

நாம் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்புப் பணி புரிகின்றோம். சில ஆண்டுகளுக்கு முன், தொழிற்கூடப் பாதுகாப்புப் பற்றிய அறிவிப்பு ஒன்று தமிழாக்கத்துக்காக நம் மேசைக்கு வந்தது. ‘தோலுக்கு எரிச்சல் தரக்கூடியது’ என்று ஒரு தொடரை எழுதிவிட்டோம். எழுதிய பின்னும் மனம் அமையவில்லை. மிளகாய் அரைத்த கையும் எரியத்தான் செய்கிறது. கழுவினால் தீர்ந்துவிடும் என்றுதானே படிப்பவர் கொள்வர்? அவ்வாண்டு விடுமுறையில் மைசூர் சென்றிருந்தபோது, மரச்சாமான்களுக்கு மெருகிடும் சிறு பட்டறை ஒன்றில், தமிழ் பேசும் முதியவர் ஒருவரைக் கண்டு நம் ஐயத்தைக் கூறினோம். அவர் விடை சொல்லாமல் கைகளை விரித்துக் காட்டினார். விரலிடுக்குகளில் வெடிப்புகள் ஓடியிருந்தன. புறங்கைத் தோல் தடித்துச் செதில் செதிலாக உரிந்திருந்தது. “தின்னரில் கழுவினால் கை பளிச்சென்று ஆகிவிடும் ஐயா. சோற்றில் கை வைத்தால்தான் தெரியும்” என்றார். உப்பும் புளியும் பட்டு நாள்தோறும் எரியும் கையை நாம் ஒரே சொல்லில் அடக்கிவிட்டோம் என்பது அப்போது புரிந்தது. இத்துன்பத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தது அதன் பின்னரே.

நோயாளியைக் கண்டதும் மருத்துவர் கேட்க வேண்டிய கேள்விகளைப் பண்டைய கிரேக்க மருத்துவ மரபு வகுத்து வைத்திருந்தது. அவற்றோடு ‘நீ என்ன தொழில் செய்கிறாய்?’ என்னும் கேள்வியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்தியவர் பெர்னார்டினோ ரமாசினி என்னும் இத்தாலிய மருத்துவர். 1633-இல் பிறந்த இவர், தொழிலாளரைப் பற்றும் நோய்களைக் குறித்துத் தாம் எழுதிய நூலை 1700-ஆம் ஆண்டில் மோடெனா நகரில் வெளியிட்டார். 1713-இல் அதனை விரிவாக்கினார். சுரங்கத் தொழிலாளர், குயவர், ஓவியர் முதலிய பலரின் துன்பங்கள் அந்நூலில் இடம்பெற்றன. துணி வெளுக்கும் பெண்களின் கைகள் காரநீரில் ஊறி வெடிப்பதையும் அவர் எழுதி வைத்தார். அவர் காலத்தில் இன்றைய கரைப்பான்களுட் பெரும்பாலானவை இல்லை. ஆயினும் அவர் கண்ட உண்மை இன்றும் பொருந்துவதே. அழுக்கிலுள்ள கொழுப்பை நீக்கும் பொருள், தோலிலுள்ள கொழுப்பை மட்டும் விட்டுவைக்குமா?

நம் நாட்டினர் இத்தகைய நோயை அறியாதவரல்லர். சேங்கொட்டையின் பால் பட்டால் தோல் வெந்து கொப்புளிக்கும் என்பது கிராமத்துச் சிறுவரும் அறிந்த செய்தி. அந்தக் கொட்டையின் சாற்றைக் கொண்டே சலவைத் தொழிலாளர் துணிகளில் அழியாத குறியிட்டனர். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் தங்கியிருந்த அமெரிக்கப் படைவீரர் பலருக்குக் கழுத்திலும் இடுப்பிலும் விளங்காத புண்கள் தோன்றின. சட்டையின் குறி தோலில் படும் இடத்திலேயே புண்ணும் இருக்கக் கண்ட இராணுவ மருத்துவர்கள், 1943-ஆம் ஆண்டில் அதனை ‘டோபிக் குறித் தோலழற்சி’ என்று பெயரிட்டு மருத்துவ இதழில் எழுதினர். துணியில் ஒரு சிறு புள்ளி பட்டதற்கே இவ்வளவு துன்பமென்றால், அச்சாற்றை நாள்தோறும் கையாண்டவர் நிலை எத்தகையது என்பதை நேயர்களே எண்ணிப் பார்க்கலாம்.

இங்கே ஒரு வேற்றுமையைத் தெளிவாக்கிக்கொள்வது நலம். வேலையிடத்தில் வரும் தோலழற்சி இருவகைப்படும். ஒன்று, பொருளின் கடுமையால் எவர்க்கும் வருவது. போதிய அளவு, போதிய நேரம் பட்டால் எந்தத் தோலும் இதற்குத் தப்பாது. மற்றொன்று, ஒவ்வாமையால் சிலர்க்கு மட்டும் வருவது. பல மாதங்களோ ஆண்டுகளோ தீங்கின்றிக் கையாண்ட ஒரு பொருளை உடல் திடீரெனப் பகையாகக் கொள்கிறது. அதன்பின் அப்பொருள் ஒரு துளி பட்டாலும், ஒன்று அல்லது இரண்டு நாட்களில் தோல் சிவந்து, அரித்து, நீர் கோத்துவிடும். இந்தப் பகை பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நீங்குவதில்லை. முதல்வகை நோயாளிக்கு வேலையின் முறையை மாற்றினால் போதும். இரண்டாம் வகை நோயாளியோ, அந்தப் பொருளையே கைவிட வேண்டியவராகிறார். ஆகவே இவ்விரண்டையும் பிரித்தறிவது ஒரு குடும்பத்தின் பிழைப்பையே பொறுத்த செய்தியாகும்.

அவ்வாறு பிரித்தறிய வழி கண்டவர் யோசெப் யாடசோன் என்னும் ஜெர்மானியத் தோல்மருத்துவர். ஐயத்துக்குரிய பொருளைச் சிறிதளவு தோலின்மேல் ஒட்டிவைத்து, சில நாட்களில் அங்குத் தோன்றும் மாற்றத்தைப் பார்த்தறியும் ஒட்டுச் சோதனையை 1895-இல் கிராட்ஸ் நகரில் கூடிய மருத்துவர் மாநாட்டில் அவர் விளக்கினார். இன்றும் தோல்மருத்துவர்கள் நோயாளியின் முதுகில் சிறு பட்டைகளை ஒட்டி, 2 நாட்கள் வைத்திருந்து எடுத்துப் பார்ப்பது இம்முறையின் வழிவந்ததே. நம் நாட்டில் இச்சோதனையை வேரூன்றச் செய்தவர்களுள், புது தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் பணியாற்றிய டாக்டர் ஜே. எஸ். பஸ்ரிச்சா முதன்மையானவர்.

இனி மைசூருக்குத் திரும்புவோம். மரத்துக்கு மெருகிடும் பழைய முறை யாது? அவலரக்கைச் சாராயத்தில் கரைத்து, துணி சுற்றிய பஞ்சுப் பொட்டலத்தை அதில் தோய்த்து, மரத்தின்மேல் வட்டம் வட்டமாகத் தேய்ப்பர். ஒரு பூச்சு உலர்ந்தபின் மறுபூச்சு, அதன்மேல் இன்னொன்று. இவ்வாறு பலமுறை தேய்த்தபின் மரம் முகம் காட்டும். பொட்டலத்தைப் பிடித்திருக்கும் விரல்கள் நாள் முழுவதும் ஸ்பிரிட்டில் நனைந்தபடியே இருக்கும். அரக்கு பெரும்பாலோர்க்குச் சாதுவான பொருள். ஆனால் அதனைக் கரைக்கும் சாராயம் அத்தகையதன்று.

அச்சாராயத்தின் கதையும் கேட்கத்தக்கது. குடிக்கும் சாராயத்துக்குப் பெருவரி உண்டு. தொழிலுக்குப் பயன்படுத்துவோர் அவ்வரியைத் தாங்க இயலாது. எனவே பிரிட்டிஷ் அரசாங்கம் 1855-இல் ஒரு வழி கண்டது. மரத்தை வாட்டி வடித்த நாப்தாவைச் சாராயத்தில் கலந்து, குடிக்கத் தகாததாக்கி, வரியின்றி விற்க அனுமதித்தது. தொழிலுக்கு இது பெரிய உதவியாயிற்று. ஆனால் கலந்த பொருளில் மெத்தனால் என்னும் நஞ்சு உண்டு. அது வாயின் வழியாக மட்டுமன்றி, மூச்சின் வழியாகவும் தோலின் வழியாகவும் உடலுள் புகவல்லது. கருவூலத்தின் கணக்கிலே வரி இழப்பு தடுக்கப்பட்டது. மெருகிடுபவரின் கையைப் பற்றிய கணக்கை எவரும் எழுதவில்லை.

மைசூர்ப் பட்டறைகளில் மரமே மற்றொரு காரணமாகவும் அமைகிறது. யானைத் தந்த வாணிகம் சட்டத்தால் தடை செய்யப்பட்டபின், தந்தத்துக்கு மாற்றாகப் பல நிற மரத்துண்டுகளையும் பிறவற்றையும் பதித்து இக்கலை தொடர்ந்து நடைபெறுகிறது. புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. இதற்கு ஆதாரமான ஈட்டி மரத்தில் டால்பெர்ஜியோன்கள் எனப்படும் இயற்கைப் பொருள்கள் உள்ளன. இவை ஒவ்வாமையைத் தூண்டுவன. ஹாம்பர்கு நகரத்து அறிஞர் பியோர்ன் ஹவுசன், மனிதர்க்குத் தீங்கு செய்யும் மரங்களைத் தொகுத்து 1981-இல் வெளியிட்ட கையேட்டில் இவ்வினத்து மரங்களுக்கும் இடம் உண்டு. ஆகவே கையில் அரிப்புடன் வரும் பதிவேலைக் கலைஞரிடம், ‘எந்தத் திரவத்தைத் தொடுகிறீர்?’ என்று மட்டும் கேட்டால் போதாது. ‘எந்த மரத்தை இழைக்கிறீர்?’ என்றும் கேட்க வேண்டும். ரமாசினியின் கேள்வி இவ்வாறு விரிந்துகொண்டே செல்வது.

1937-ஆம் ஆண்டில் மைசூர் மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார், தம் நாட்டுக் காடுகளில் கிடைத்த அரக்கைப் பயன்படுத்தும் பொருட்டு, மைசூர் அரக்கு மற்றும் வண்ணத் தொழிற்சாலையை நிறுவினார். நாடு விடுதலை பெற்றபின் அது அரசுத்துறை நிறுவனமாயிற்று. 1989-இல் மைசூர் வண்ணம் மற்றும் வார்னிஷ் நிறுவனம் எனப் பெயர் பெற்றது. தேசியப் பௌதிக ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பட்ட அழியா மையை இந்நிறுவனம் தயாரிக்க, 1962-இல் நடைபெற்ற மூன்றாம் பொதுத்தேர்தலில் அது வாக்காளர் விரல்களில் இடப்பட்டது. வெளிநாடுகள் பலவற்றுக்கும் இம்மை சென்றுள்ளது.

அந்த மையே தோலின் இயல்பை நமக்கு விளக்கும் நல்ல பாடமாகும். அதில் வெள்ளி நைட்ரேட்டு உள்ளது. விரலில் இட்டதும், தோலிலுள்ள உப்புடன் அது கூடி வெள்ளிக் குளோரைடு ஆகிறது. வெளிச்சம் பட்டுக் கறுக்கிறது. சோப்பும் எண்ணெயும் அதனை நீக்கமாட்டா. தோலின் மேலணுக்கள் தாமே உதிர்ந்து, புதியன மேலெழும்போதுதான் கறை அகலும். நகத்திலோ, நகம் வளர்ந்து வெட்டப்படும்வரை அது நிற்கும். தோல் என்பது வெறும் போர்வையன்று. தன்மேல் படுவதோடு கலந்துறவாடும் உயிருள்ள உறுப்பு என்பதை வாக்குச்சாவடியிலிருந்து திரும்பும் ஒவ்வொருவரும் தம் விரலிலேயே காண்கிறோம். சில துளி மைக்கே தோல் இவ்வாறு இடங்கொடுக்குமாயின், நாள்தோறும் நனைக்கும் திரவங்களுக்கு அது எவ்வளவு இடங்கொடுக்கும்!

வண்ணத் தொழிலில் நெடுங்காலம் அரசு செலுத்திய கரைப்பான் டர்பன்டைன். இமயமலைச் சாரலில் வளரும் சீர் தேவதாரு மரத்தின் பாலை வடித்து இதனை எடுத்தனர். பரேலி நகருக்கருகே இதற்கெனப் பெரிய ஆலை இயங்கியது. இவ்விந்திய டர்பன்டைனை ஆராய்ந்தவர் ஜான் லயனல் சைமன்சன் என்னும் ஆங்கிலேய இரசாயன அறிஞர். இவர் நமக்கு அயலாரல்லர். 1910 முதல் சென்னை மாநிலக் கல்லூரியில் இரசாயனப் பேராசிரியராக இருந்தவர். 1914-இல் இந்திய விஞ்ஞானக் காங்கிரஸ் தோன்றக் காரணமான இருவருள் ஒருவர். பின்னர் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்திலும், அதன்பின் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திலும் பணியாற்றினார். இந்திய டர்பன்டைனில் பெருமளவில் இருக்கும் ஒரு பொருளை அவர் பிரித்தெடுத்து 1920-இல் வெளியிட்டார். அதன் பெயர் காரீன்.

அது வெளியானபோது வண்ணம் பூசுவோரின் கைக்கும் காரீனுக்கும் உள்ள தொடர்பு விளங்கியிருக்கவில்லை. டர்பன்டைனால் பூச்சுத் தொழிலாளர்க்குக் கரப்பான் வருவது ஐரோப்பிய மருத்துவர்களுக்கு முன்பே தெரிந்த செய்தி. ஆனால் ஒரே எண்ணெய் சிலபோது தீங்கு செய்வதும், சிலபோது செய்யாதிருப்பதும் ஏன் என்பது புதிராக இருந்தது. 1950-க்குப்பின் ஸ்வீடன் நாட்டில் ஹெலர்ஸ்ட்ரோம் என்பவரும் அவர்தம் கூட்டாளிகளும் இதனை ஆராய்ந்து, 1955-இல் விடை கூறினர். காரீன் காற்றிலுள்ள பிராணவாயுவுடன் கூடும்போது ஹைட்ரோபெராக்சைடுகள் எனப்படும் புதுப்பொருள்கள் தோன்றுகின்றன. அவையே ஒவ்வாமையை மூட்டுகின்றன என்பது அவ்விடை. புதிதாய் வடித்த எண்ணெயைவிட, மூடாமல் வைத்துப் பழகிய எண்ணெய் தீயதாவதன் காரணம் இதுவே. சென்னையிலும் பெங்களூரிலும் ஆசிரியராயிருந்த ஒருவர் பெயரிட்ட பொருளின் தீமை, பின்னர் வடதுருவத்தை அடுத்த ஒரு நாட்டில் வெளிப்பட்டது. இரசாயன அறிஞரின் குடுவைக்கும் தொழிலாளியின் கைக்கும் நடுவே 35 ஆண்டுகள் கடந்திருந்தன.

காலப்போக்கில் மரத்து டர்பன்டைனின் இடத்தைப் பெட்ரோலியத்திலிருந்து பெறும் கனிம டர்பன்டைன் பிடித்துக்கொண்டது. ஒவ்வாமை குறைந்தது மெய்யே. ஆனால் கொழுப்பைக் கரைக்கும் ஆற்றல் அதற்கும் உண்டு. இதற்கிடையே மற்றொரு மாறுதலும் நிகழ்ந்தது. 1923-ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் நைட்ரோசெல்லுலோஸ் என்னும் பொருளால் ஆன விரைந்துலரும் மெருகு மோட்டார் வண்டிகளுக்குப் பயன்படத் தொடங்கியது. நாட்கணக்கில் உலரவேண்டிய வண்ணம் சில மணி நேரத்தில் உலர்ந்தது. அதனைத் தளர்த்துவதற்குச் சாராயம் மட்டும் போதவில்லை. டொலுவீன், அசிட்டோன், எஸ்டர்கள், சாராயங்கள் ஆகியவற்றின் கலவையான தின்னர் வந்தது. கார்ப் பட்டறையிலிருந்து தச்சுப் பட்டறைக்கும் அது பரவியது. வேலை விரைந்தது, கூலியும் அவ்விரைவைச் சார்ந்ததாயிற்று. கையைக் கழுவத் தண்ணீர்க் குழாய்வரை செல்வானேன், தின்னர் டப்பா பக்கத்திலேயே இருக்கிறதே என்னும் எண்ணமும் அதனோடு வந்தது.

கேடு எவ்வாறு நேர்கிறது என்பதைச் சுருங்கக் கூறுவோம். தோலின் மேற்புறத்தே இறந்த அணுக்கள் செங்கற்களைப்போல் அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் இடையே சுண்ணச்சாந்துபோல் நிற்பவை கொழுப்புப் பொருள்கள். உடலின் ஈரம் வெளியேறாமலும், வெளியின் நஞ்சு உட்புகாமலும் காப்பது இச்சுவரே. கரைப்பான் முதலில் சாந்தைக் கரைக்கிறது. சுவர் இளகுகிறது, ஈரம் ஆவியாகிறது, தோல் வறண்டு வெளுத்து வெடிக்கிறது. வெடிப்பின் வழியே கரைப்பான் இன்னும் ஆழமாய்ப் புகுகிறது. அதன்மேல் காரம் மிகுந்த சலவைச் சோப்பைப் போட்டுத் தேய்த்தால் எஞ்சிய சாந்தும் போகும். உள்ளங்கைத் தோல் தடித்தது. ஆகவே நோய் முதலில் தோன்றுவது விரலிடுக்கிலும் புறங்கையிலும்தான். மோதிரம் அணிந்தவருக்கு அதன் அடியில் திரவம் தங்கி, அங்கேயே தொடங்குவதும் உண்டு.

இந்நோய் பிறருக்குத் தொற்றாது. இதனை நாம் அழுத்திக் கூற வேண்டும். கையில் செதில் உதிர்வதைக் கண்டு, சொறி என்றும் படை என்றும் அஞ்சிப் பந்தியில் ஒதுங்குவோர் உண்டு; வேலை போய்விடும் என்று அஞ்சிக் கையை மறைக்கும் தொழிலாளரும் உண்டு. இரண்டு அச்சங்களும் நோயை வளர்க்கின்றன. வேலையால் வந்த நோயா, அன்றா என்பதை அறிய எளிய குறிப்பு ஒன்று உண்டு. ஊர்த் திருவிழாவுக்கென்று சில வாரம் விடுப்பில் சென்றால் கை ஆறுகிறது. திரும்பி வந்து வேலையில் இறங்கிய சில நாட்களில் மீண்டும் வெடிக்கிறது எனின், காரணம் பட்டறையில்தான் இருக்கிறது. இவ்விவரத்தைத் தேதியுடன் குறித்துவைத்து மருத்துவரிடம் கூறினால், அவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

சட்டம் இதனை எவ்வாறு நோக்கியது? இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-இல் வந்தது. குழந்தைகளின் வேலை நேரமும் இயந்திர வேலியுமே அதன் கவலையாக இருந்தன. தோலைப் பற்றி அது நினைக்கவில்லை. விடுதலைக்குப் பின் வந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், தொழிலாளர் கைகால் கழுவுதற்கு ஏற்பாடு இருக்க வேண்டும் என்று 42-ஆம் பிரிவில் விதித்தது. மருத்துவர்கள் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களின் அட்டவணையில், இரசாயனங்களும் வண்ணங்களும் நேராகப் படுவதால் வரும் தோலழற்சியும் பின்னர் இடம்பெற்றது. 2020-இல் நாடாளுமன்றம் இயற்றிய தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் பற்றிய சட்டத்தொகுப்பிலும் இந்நோய் அறிவிக்கத்தக்க நோய்களுள் ஒன்றாக உள்ளது. ஆமதாபாத்தில் 1966-இல் தொடங்கிய ஆய்வு நிலையம் தேசியத் தொழில்சார் நலக் கழகமாக வளர்ந்தது. தென்னாட்டுக்கென அதன் வட்டார நிலையம் 1977-இல் பெங்களூரில் அமைந்தது.

இவ்வளவும் நன்றே. ஆயினும் சட்டத்தின் வலையில் பெரிய மீன்களே அகப்படுகின்றன. மின்விசை உள்ள இடமாயின் 10 பேர், இல்லாத இடமாயின் 20 பேர் வேலை செய்தால்தான் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது தொழிற்சாலை. 2020-ஆம் ஆண்டுத் தொகுப்பில் இவ்வெண்கள் 20, 40 என உயர்ந்தன. மூன்று பேரோ நான்கு பேரோ அமர்ந்து மெருகிடும் சந்துப் பட்டறை எக்கணக்கில் சேரும்? வீடு வீடாகச் சென்று வண்ணம் பூசும் தொழிலாளிக்கு முதலாளி யார்? அறிவிக்கத்தக்க நோய் என்று எழுதியிருக்கிறது. அறிவிப்பதற்கு ஆள் இல்லை.

இவ்விடத்தில் தாமஸ் லெக் என்பவரை நினைவுகூர்தல் தகும். 1898-இல் பிரிட்டனின் முதல் தொழிற்சாலை மருத்துவ ஆய்வாளராக அமர்ந்தவர் இவர். வண்ணங்களில் கலந்த ஈய வெள்ளையால் தொழிலாளர் நலிவதைக் கண்டு, அதனை விலக்கும் பொருட்டு உலகத் தொழிலாளர் நிறுவனம் 1921-இல் வகுத்த உடன்படிக்கையை ஆதரித்தார். தம் அரசு அதனை ஏற்க மறுத்தபோது, 1926-இல் பதவியைத் துறந்தார். தொழிலாளி தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யக்கூடியது மிகச் சிறிதே. முதலாளி தன் கடமை முழுவதையும் செய்து முடித்தபின்னரே அச்சிறு முயற்சிக்கும் பயன் உண்டு என்பது அவர் கண்ட நெறி. கையுறை அணியாதது தொழிலாளியின் குற்றம் என்று எளிதில் சொல்லிவிடுகிறோம். எந்தக் கையுறை என்று கேட்பதில்லை. மருத்துவமனையில் அணியும் மெல்லிய ரப்பர் உறை பெட்ரோலியக் கரைப்பானில் ஊதிப் பிளந்துவிடும். நைட்ரைல் உறை அவ்வெண்ணெய்களைத் தாங்கும். ஆனால் அசிட்டோன் அதனையும் ஊடுருவும். பல திரவங்களின் கலவையான தின்னருக்கு ஏற்ற உறையைத் தேர்ந்து வாங்கித் தருவது, நாட்கூலி பெறுபவரால் ஆகக்கூடிய செயலா?

ஆயினும் இன்றே செய்யத்தக்கவை சில உண்டு. தின்னரிலோ மண்ணெண்ணெயிலோ பெட்ரோலிலோ கை கழுவுதலை அறவே விட வேண்டும். எண்ணெய் வண்ணம் ஒட்டிய கையில் முதலில் சமையல் எண்ணெயைத் தடவித் தேய்த்தால் வண்ணம் இளகும். துணியால் துடைத்து, மென்மையான சோப்பிட்டு நீரால் கழுவலாம். கழுவிய கையை நன்கு உலர்த்தித் தேங்காய் எண்ணெயோ வாசலினோ பூச வேண்டும். கரைப்பானில் நனைந்த துணியை இடுப்பிலோ சட்டைப்பையிலோ செருகலாகாது. டப்பாக்களை மூடி வைக்க வேண்டும். அது மூச்சுக்கும் நல்லது, நெருப்புக்கும் காப்பு. பட்டறை உரிமையாளர், பஞ்சுப் பொட்டலத்துக்குக் கைப்பிடி அமைத்தும், நீரில் கரையும் மெருகுகளைப் பயன்படுத்தியும், ஒரு குழாயும் சோப்பும் வைத்தும் பெருந்துன்பத்தைத் தடுக்கலாம். வெடிப்பு ஆறாதவர் கடையில் கேட்டு வாங்கிய களிம்பைப் பூசிக்கொண்டே காலங்கடத்தாமல், அரசு மருத்துவமனையின் தோல்நோய்ப் பிரிவை அணுக வேண்டும்.

இறுதியாக, நம் சொந்தத் தொழிலைப் பற்றியும் ஒரு சொல். அபாயகரமான இரசாயனங்களின் கலங்களில் எச்சரிக்கை எழுத வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. எழுத்தறியாதவர்க்கும் விளங்கும்படி, உலக நாடுகள் 2003-இல் பொதுவான படக்குறிகளை வெளியிட்டன. செந்நிறக் கட்டத்துள் நிற்கும் வியப்புக்குறி, தோலுக்குத் தீங்கு உண்டு என்று சொல்லும் குறிகளுள் ஒன்று. ஆனால் பெரிய பீப்பாயில் வரும் திரவம் சிறு டப்பாவிலும் பழைய தண்ணீர்ப் புட்டியிலும் மாறிப் பட்டறைக்கு வரும்போது, குறியும் எழுத்தும் பீப்பாயோடு நின்றுவிடுகின்றன. எஞ்சுவது ஒருவர் மற்றொருவருக்குச் சொல்லும் சொல் மட்டுமே. அச்சொல் தொழிலாளியின் மொழியில் அமைய வேண்டும்.

மைசூரிலிருந்து திரும்பியபின் நாம் அந்த அறிவிப்பை மீண்டும் எடுத்தோம். ‘தோலுக்கு எரிச்சல் தரக்கூடியது’ என்பதை அடித்துவிட்டு, ‘இத்திரவம் தோலின் கொழுப்பைக் கரைத்துக் கையை வெடிக்கச் செய்யும், இதில் கை கழுவாதீர்’ என்று எழுதினோம். மூலத்தைவிடச் சில சொற்கள் மிகுதிதான். ஆனால் அதைப் படித்து ஒருவரேனும் தின்னர் டப்பாவை விட்டுக் குழாயடிக்குச் சென்றால், அச்சொற்கள் வீணாகா. அரண்மனைக் கதவின் மெருகு நூறாண்டு கடந்தும் ஒளிர்கிறது. மெருகிடும் கை, மாலையில் வீடு திரும்பிச் சோற்றை எரிச்சலின்றிப் பிசைந்து உண்ண வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.